தந்தை விட்டுச்சென்ற சங்கிலி ரம்பம்



தோட்டத்தில் உழைத்து மறைந்த ஒரு பெரியவர் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் பொருள்களைக் கணக்கெடுத்தால், பட்டியல் நீளமாக இராது. பால்வெட்டுக் கத்தி ஒன்று, மண்வெட்டி ஒன்று, பழைய சைக்கிள் ஒன்று, ஊழியர் சேமநிதியில் எஞ்சிய ஒரு தொகை. சில வீடுகளில் இவற்றோடு இன்னொன்றும் இருக்கும். குசினிக்குப் பின்னால், கோணிச் சாக்கில் சுற்றி, பலகையின்மேல் தூக்கி வைத்த சங்கிலி ரம்பம். அதை நம் தோட்டங்களில் 'செயின்சா' என்றே சொல்லுகிறோம். பெரியவரின் காரியங்கள் முடிந்து, வீட்டை ஒதுக்கும்போது மகனின் கண் அதன்மேல் விழுகிறது. "இது இன்னும் ஓடுமா? ஓடினால் இன்னும் கொஞ்சம் பலம் ஏற்றலாமா?" என்பவைதாம் அவன் கேட்கும் இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. பெரும்பாலும் ஓடும். இரண்டாவது கேள்விக்குத்தான் இன்று நாம் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ரம்பத்துக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால், அந்தப் பணம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதே நமது பேச்சு.

இந்த இயந்திரம் நம் தோட்டங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். ரப்பர் மரம் ஏறக்குறைய 25, 30 ஆண்டுகள் பால் தரும். பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். 1952-ஆம் ஆண்டில் மறுநடவு நிதிக்கென்று சட்டமே வந்தது. 1973-இல் சிறு தோட்டக்காரர்களுக்காக ரிஸ்டா அமைக்கப்பட்டது. மரங்களைச் சாய்க்கக் கோடரியும், இரண்டு பேர் இரு முனையில் பிடித்து இழுக்கும் வாளும், கம்பிக் கயிறு கட்டி இழுக்கும் கைவிஞ்சும் இருந்த இடத்தில் சங்கிலி ரம்பம் வந்து சேர்ந்தது. ரம்பம் சொந்தமாக வைத்திருந்தவருக்குக் குத்தகை வேலை கிடைத்தது. அப்போது ரப்பர் கட்டைக்குப் பெரிய மதிப்பில்லை. புகைக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் விறகாகப் போனது. வெட்டிய கட்டையில் பூச்சியும் நீலப்பூஞ்சையும் விரைவில் ஏறிவிடும் என்பதே காரணம். போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி, சூட்டறையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980-களில் அதே கட்டை மேசையும் நாற்காலியுமாகிக் கப்பல் ஏறியது. நம் ஜொகூரில் மூவார் நகரம் தளவாடத் தொழிலுக்குப் பேர்போன ஊராக விளங்குவதற்கு அந்தக் கட்டையும் ஒரு காரணம்.

இயந்திரத்தின் பிறப்புக் கதையும் சுவையானது. சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை முதலில் மரத்துக்காக வந்ததன்று. 1780-களில் ஸ்காட்லாந்து நாட்டில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் இரு மருத்துவர்கள் எலும்பை அறுக்கக் கையால் இழுக்கும் சிறு சங்கிலியைப் பயன்படுத்தினார்கள். மரத்துக்கு வந்தது வெகு காலத்துக்குப் பின். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926-இல் செய்த மின்சார ரம்பத்தின் எடை 48 கிலோ. தூக்கிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். 1959-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'கான்ட்ரா' என்னும் ரகம் ஏறக்குறைய 12 கிலோவுக்கு இறங்கி, ஒருவர் கைக்கு அடங்கியது. இடையில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி ஒருவர் இருந்தார். 1946-இல் அவர் பட்டுப்போன மரத்துண்டு ஒன்றில் புழு துளைப்பதைக் குனிந்து பார்த்தார். புழுவின் இரண்டு தாடைகள் இடமும் வலமுமாக மாறிமாறிக் கடித்து, மரத்தைச் சீவிக்கொண்டே போயின. அந்த வடிவத்தில் அவர் செய்த பல்தான், சிறு மாற்றங்களுடன், இன்றும் நம் சங்கிலிகளில் இருக்கிறது. படிப்பால் பொறியாளர் அல்லாத ஒரு தொழிலாளி, வேலை செய்யும் இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்ததால் வந்த கண்டுபிடிப்பு அது.

நம் நாட்டுக் காடுகளிலும் தோட்டங்களிலும் பல்லாண்டு பெயர் வாங்கியது ஸ்டில் 070 என்னும் ரகம். இன்று பிள்ளைகள் கையில் வந்து சேரும் பழைய ரம்பங்களில் பல அந்த ரகம், அல்லது அதன் உறவு. அதன் எஞ்சின் கொள்ளளவு 106 கன சென்டிமீட்டர். வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ஓர் ஆளையும் அவர் பின்னால் ஒரு மூட்டை அரிசியையும் சுமந்து மேட்டில் ஏறும் எஞ்சினுக்கு நிகரான ஒன்றை, சக்கரமும் சட்டமும் இல்லாமல், இரண்டு கைகளில் பிடித்து நிற்கிறோம். சங்கிலி வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டால், மணிக்கு 72 கிலோமீட்டர் என்று சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவு பலம் உள்ள பழைய ரம்பங்களில் இல்லாத இரண்டு உறுப்புகளை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, சங்கிலி பிரேக். ரம்பத்தின் நீண்ட பட்டையை நம்மவர்கள் 'பார்' என்பார்கள். அதன் மூக்கின் மேற்பாதி ஒரு கட்டையிலோ கிளையிலோ இடித்துவிட்டால், சங்கிலி அங்கே சிக்கி, அந்த விசை முழுவதும் திரும்பி, பாரை மேல்நோக்கி வீசி எறிகிறது. பிடித்திருப்பவரின் முகத்துக்கும் தோளுக்கும் அது வந்து சேரும் நேரம் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. இதைப் பின்னுதை என்று சொல்லலாம். 1970-களின் தொடக்கத்தில் வந்த ரம்பங்களிலிருந்து, முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. பின்னுதையில் இடது கை அதன்மேல் பட்டதும் சங்கிலி நின்றுவிடும். பிற்பாடு, கை படாமலே வீச்சின் வேகத்தால் தானாக நிற்கும் அமைப்பும் வந்தது. பழைய 070-இல் இவை இல்லை.

இரண்டாவது, அதிர்வைத் தாங்கும் ரப்பர் அல்லது சுருள்வில். 1960-களின் நடுவிலிருந்து சில ரகங்களில் எஞ்சினுக்கும் கைப்பிடிக்கும் இடையில் இவற்றை வைக்கத் தொடங்கினார்கள். இவை இல்லாத ரம்பத்தில் எஞ்சினின் ஒவ்வோர் உதறலும் நேரே எலும்புக்குப் போகிறது.

இந்த இரண்டாவது குறையின் விலை என்ன என்பதை, குளுவாங் வட்டாரத்தில் நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் கண்டோம். அந்த வீட்டுப் பெரியவர் மறுநடவுக் குத்தகையில் ஆண்டுக்கணக்காக ரம்பம் பிடித்தவர். அவர் காலமான பிறகு மகன் அதைப் பழுதுபார்க்கப் போவதாகச் சொன்னான். தாய் சம்மதிக்கவில்லை. பள்ளிக்கு வந்து நம்மிடம் முறையிட்டார்.

"நீங்களாவது சொல்லுங்க வாத்தியாரையா. அவரு கடைசி காலத்துல சட்டைப் பொத்தானைக்கூட நான்தான் போட்டு விட்டேன். கோப்பி குவளை கையில இருக்கிறதே தெரியாது, நழுவிப் போயிடும். ராத்திரியில கையை உதறி உதறி உட்கார்ந்திருப்பாரு. வயசாயிடுச்சுன்னு நெனச்சோம். இந்த மிஷினை பழைய இரும்புக்குப் போடச் சொல்லுங்க."

மகனோ, "அப்பா இதை வச்சுத்தான் எங்க நாலு பேரையும் படிக்க வச்சாரு சார். இதைப் போயி இரும்புக்குப் போடுறதா?" என்றான்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பெரியவருக்கு வந்தது வெறும் முதுமையன்று என்றே நாம் கருதுகிறோம். அதிரும் கருவியை நெடுநாள் பிடிப்பவர்களின் விரல்களில் இரத்தக் குழாயும் நரம்பும் கெடுகின்றன. 1918-ஆம் ஆண்டிலேயே ஆலிஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர், கல் உடைக்கும் காற்றுச் சுத்தியல் பிடித்த தொழிலாளரின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை ஆராய்ந்து எழுதினார். ஜப்பானில் 1960-களில் காட்டிலாகாத் தொழிலாளர்கள் பலருக்குச் சங்கிலி ரம்பத்தால் இதே நோய் வந்தது. அதன் பிறகு, ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் ரம்பம் பிடிக்கலாகாது என்று அங்கே வரம்பு கட்டினார்கள்.

குளிர் நாடுகளில் விரல் வெளுப்பது கண்ணுக்குத் தெரியும். மருத்துவரும் உடனே கண்டுகொள்வார். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் விரல் அவ்வளவாக வெளுப்பதில்லை. மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பிடிமானம் தளர்தல் என்று ஓசையில்லாமல் வருகிறது. அதனாலேயே வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அதிர்வால் வரும் நோய், சொக்சோ சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் தொழில்வழி நோயாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. சம்பளத்துக்கு ரம்பம் பிடித்தவர் மருத்துவரிடம் போகும்போது, என்ன கருவியை எத்தனை ஆண்டு பிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். சொந்தமாகக் குத்தகை எடுப்பவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுயதொழில் காப்புறுதி உண்டு. சந்தா கட்டிப் பதிந்துகொண்டால்தான் அது உதவும்.

அந்தக் குடும்பத்தில் முடிவு என்னவாயிற்று என்றால், ரம்பம் பழைய இரும்புக்குப் போகவில்லை; குத்தகை வேலைக்கும் போகவில்லை. மகன் அதைப் பிரித்துச் செப்பனிட்டான். தரையில் விழுந்து கிடக்கும் கட்டையைத் துண்டு போடுவதற்கு மட்டும், எப்போதாவது, சில நிமிடங்கள் எடுப்பது என்று தாயிடம் ஒப்புக்கொண்டான். நிற்கும் மரத்தைச் சாய்க்க வேண்டி வந்தால், பிரேக் உள்ள ரம்பத்தோடு பயிற்சி பெற்ற ஆளை அழைப்பதென்று பேச்சு. அவன் வேலை செய்த முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அதையே வரிசையாகச் சொல்லுகிறோம்.

சாக்கை அவிழ்த்தவுடன் கயிற்றைப் பிடித்து இழுக்காதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதுதான். உள்ளே துருவோ மண்குளவிக் கூடோ இருந்தால், அந்த ஓர் இழுப்பில் நல்ல பிஸ்டன் கீறிப்போகும். பிளக்கைக் கழற்றுங்கள். சைலன்சரையும் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே கைவிளக்கு அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலும் கீழுமாக ஆழ்ந்த கோடுகள் இருந்தால் எஞ்சின் ஒருமுறை பிடித்துக்கொண்டது என்று பொருள். அப்போது சிலிண்டர் வேலை இருக்கிறது, செலவு கூடும். வழவழப்பாக இருந்தால் மகிழ்ச்சி அடையலாம். பிளக் துவாரத்தில் சில சொட்டு டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு, ஓரிரவு விட்டு, மறுநாள் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

கழுவும்போது ஓர் எச்சரிக்கை. வெளிக்கூடு மெக்னீசியம் கலந்த உலோகம். அமிலம் கலந்த கழுவுநீர் அதை அரித்துவிடும். மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும். கிரைண்டர் வைத்துத் தேய்க்கவே வேண்டா. மெக்னீசியத் தூள் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும். பழைய கேஸ்கட்டுத் தாள்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். ஆகவே, உலர்ந்தபடி சுரண்டி வாயால் ஊதாதீர்கள். எண்ணெயில் நனைத்து எடுத்து, பையில் கட்டிப் போடுங்கள்.

அடுத்து, ரப்பர் பாகங்கள். ரப்பர்த் தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ரப்பருக்கு ஆயுசு உண்டு. பெட்ரோல் குழாய் கல்லைப்போல இறுகியிருக்கும். காபரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஜவ்வுத் தாள் விறைத்திருக்கும். இவை இரண்டையும், பெட்ரோல் வடிகட்டியையும் யோசிக்காமல் மாற்றிவிடலாம். விலை அதிகம் வராது. ஆனால் பலர் விட்டுவிடுவது ஆயில் சீல். அச்சின் இரு பக்கமும் இருக்கும் அந்த இரண்டு வளையங்கள் காய்ந்திருந்தால் எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சும். காற்று கூடினால் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடுதான் எண்ணெயும் வருகிறது. ஆகவே எண்ணெயும் குறையும். எஞ்சின் கிரீச்சென்று வெகு வேகமாக, வெகு அழகாக ஓடும். அப்பா காலத்தைவிட நன்றாக ஓடுகிறது என்று பையன் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய ரம்பங்கள் செப்பனிட்ட ஒரு வாரத்தில் செத்துப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

எண்ணெய்க் கலவையைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பழைய கையேடு 25-க்கு 1 என்று சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லிலிட்டர் எண்ணெய். இன்றைய உயர்ந்த எண்ணெய் டின்களில் 50-க்கு 1, அதாவது 20 மில்லிலிட்டர் போதும் என்று எழுதியிருக்கிறது. பழைய எஞ்சினுக்குப் பழைய கையேட்டையே பின்பற்றுவது நம் விருப்பம். கொஞ்சம் புகை வந்தால் வரட்டும். கண்மட்டத்துக்கு ஊற்றாமல், பிள்ளைக்கு மருந்து அளக்கும் கோடு போட்ட குவளை ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குமேல் கலந்து வைத்த பெட்ரோலை ரம்பத்தில் ஊற்றாதீர்கள்.

காபரேட்டரில் இரண்டு திருகுகள் உண்டு; ஒன்று மெதுவேகத்துக்கு, மற்றது முழுவேகத்துக்கு. இரண்டையும் மென்மையாக மூடி, பிறகு ஒரு சுற்றுத் திறந்து தொடங்குவது பெரும்பாலான பழைய காபரேட்டர்களுக்குப் பொருந்தும். முழுவேகத்தில் வெறுமனே ஓடும்போது சத்தம் சற்றுத் தடுமாறி, கரகரத்து வரவேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு நீங்கித் தெளியவேண்டும். வெறுமனே ஓடும்போதே சத்தம் தெளிந்து கூவினால் பெட்ரோல் போதவில்லை, உடனே நிறுத்துங்கள். விசையை விட்டபின் சங்கிலி அசையாமல் நிற்கவேண்டும். மெதுவேகத்தைக் குறைத்தும் சுற்றிக்கொண்டே இருந்தால், கிளட்சின் சுருள்வில்கள் தளர்ந்துவிட்டன; மாற்றாமல் வெளியே எடுத்துப் போகக்கூடாது. இந்தச் சோதனைகளை எல்லாம் வெளித்திடலில் செய்யுங்கள். கொட்டகைக்குள் ஓடவிட்டால் புகையில் இருக்கும் நச்சுக்காற்று மணமின்றி ஆளை மயக்கிவிடும்.

இனி, மேம்படுத்துவது. இங்கேதான் இளைஞர்கள் சைலன்சரைத் துளைபோடுவதும், பெரிய பார் மாட்டுவதுமாக இறங்குகிறார்கள். சைலன்சரைத் துளைத்தால் முதலில் கூடுவது சத்தம். சங்கிலி ரம்பத்தின் ஓசை சாதாரணமாகவே 100 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபெலில் கால்மணி நேரம்தான் தாங்கும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. 106 கன சென்டிமீட்டர் எஞ்சினுக்குப் பலம் போதவில்லை என்று சொல்பவரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: சங்கிலியைத் தீட்டினீர்களா? மொட்டைச் சங்கிலி தூளைக் கக்கும். தீட்டிய சங்கிலி சீவலைக் கக்கும். மொட்டைச் சங்கிலியை அழுத்திப் பிடிப்பவருக்கே அதிர்வும் அதிகம், பின்னுதையும் அதிகம்.

நாம் முதலில் செலவழிக்கச் சொல்வது பாருக்கும் சங்கிலிக்கும். பெரிய காட்டு மரத்துக்கென்று வாங்கிய 36 அங்குலப் பாரை எடுத்துவிட்டு, ரப்பர் கட்டைக்கும் ரம்புத்தான் கிளைக்கும் போதுமான 20 அல்லது 24 அங்குலப் பாரை மாட்டலாம். முன்பாரம் குறையும், மூக்கு எங்கே இருக்கிறது என்பது கண்ணில் படும். சங்கிலி வாங்கப் போகுமுன் அளவு தெரியவேண்டும். பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல் போதும். சங்கிலியில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஆணிகளை எடுத்துக்கொண்டு, முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து பாருங்கள். இருபதரை மில்லிமீட்டர் இருந்தால் அது 0.404 அங்குலச் சங்கிலி; 19 இருந்தால் எட்டில் மூன்று அங்குலச் சங்கிலி. முன்னதற்கு ஐந்தரை மில்லிமீட்டர் உருண்டை அரம், பின்னதற்கு 5.2 மில்லிமீட்டர் அரம். சங்கிலி, பார், பல்சக்கரம் மூன்றும் ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற இரண்டும் தேய்ந்து போகும். பின்னுதையைக் குறைக்கும் வகையில் பல்லுக்கு முன்னால் மேடு வைத்த சங்கிலிகள் உண்டு. அவற்றையே கேட்டு வாங்குங்கள். அறுப்பு சற்று மெதுவாக இருக்கும், இருக்கட்டும்.

பாரில் ஊற்ற, லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் வேண்டா. அது சங்கிலியிலிருந்து தெறித்துச் சட்டையிலும் தோலிலும் ஊறுகிறது. தோலுக்குக் கேடு, நாளடைவில் புற்றுநோய்க்கும் வழி. துவைக்கும் தாய்மாரின் கையும் அதில்தான் நனைகிறது.

பழைய பாயிண்ட் பற்றவைப்பை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பு வைப்பது நல்ல மாற்றம். நமது ஈரக்காற்றில் பாயிண்ட் அடிக்கடி பூத்துப்போகிறது. அது இல்லாவிட்டால் கயிற்றை இருபது முறை இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே கையோடு, அணைக்கும் சுவிட்சு சரியாக அணைக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சு வேலை செய்யாமல், சோக்கை இழுத்து அணைக்கிற ரம்பங்களை எத்தனையோ பார்த்துவிட்டோம். ஆபத்து வந்த வினாடியில் சோக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பிரேக் வைக்க முடியுமா என்று கேட்பீர்கள். அது மேலே ஒட்டவைக்கும் பொருள் அன்று. முன்தடுப்பு, கிளட்ச் டிரம், அதைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டை மூன்றும் ஒரே அமைப்பு. உங்கள் ரகத்துக்கென்றே தயாரிப்பாளர் அப்படி ஒரு மூடி செய்திருந்தால் மாற்றலாம். பட்டறையில் பற்றவைத்து உருவாக்கும் பிரேக்கை நம்பக்கூடாது. பிரேக் இல்லாத ரம்பத்தைக் கொண்டு நிற்கும் மரத்தைச் சாய்ப்பதும், ஏணிமேல் ஏறிக் கிளை வெட்டுவதும், தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் கூடவே கூடாது. வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் ரம்பத்தொழில் செய்யப்போகிற பிள்ளைக்கு நாம் சொல்லும் யோசனை, தந்தையின் ரம்பத்தை வைத்துக்கொண்டு, தொழிலுக்குப் பிரேக்கும் அதிர்வு தாங்கியும் உள்ள ரம்பம் ஒன்றைத் தனியே வாங்கு என்பதுதான்.

உடுப்புக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். தலைக்கவசம், காதுமூடி, முகவலை, முனையில் இரும்பு வைத்த காலணி, தொடைக்குமேல் கட்டும் காப்புக் கால்சட்டை. அந்தக் கால்சட்டைக்குள் நீள நூல்கள் அடைத்திருக்கும். சங்கிலி பட்டதும் நூல் வெளிவந்து பல்சக்கரத்தில் சுற்றி நிறுத்தப் பார்க்கும். பழைய பெரிய எஞ்சினின் இழுப்பு வலுவானது என்பதால், அதையும் முழுக்க நம்பிவிடலாகாது. கைலியும் சிலிப்பரும் வேண்டா. தோளில் துண்டு போடும் பழக்கம் நமக்கு உண்டு. ரம்பம் எடுக்கும் அன்று துண்டு வீட்டில் இருக்கட்டும்.

இறுதியாக, நம் மாநிலத்துக்கென்று ஒரு செய்தி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டோம். 2023 மார்ச்சில் யோங் பெங் பக்கம் தண்ணீர் பல நாள் வடியாமல் நின்றது. வெள்ளம் வடிந்ததும் விழுந்த மரத்தை அப்புறப்படுத்த ரம்பத்தைத்தான் தேடுவோம். அது தண்ணீரில் மூழ்கியிருந்தால் கயிற்றை இழுக்கவேண்டா. தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது வலுவாக இழுத்தால் உள்ளே வளைந்தோ முறிந்தோ போகும். பிளக்கைக் கழற்றி, ரம்பத்தைக் கவிழ்த்து, மெல்லச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள். பெட்ரோல் தொட்டியையும் எண்ணெய்த் தொட்டியையும் காலிசெய்து கழுவுங்கள். சிலிண்டரில் எண்ணெய் விட்டு, காபரேட்டரைப் பிரித்து உலர்த்திய பிறகே புதுப் பெட்ரோல் ஊற்றவேண்டும். மழைக்காலம் தொடங்கும் முன்பே தொட்டியைக் காலிசெய்து, சங்கிலியைக் கழற்றி எண்ணெயில் நனைத்துத் தகரடப்பாவில் மூடி, ரம்பத்தைத் தரையில் வைக்காமல் உயரத்தில் தொங்கவிடுவது நல்லது. பெட்ரோல் கலனைக் குசினிப் பக்கம் வைக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாத தனி இடத்தில் பூட்டி வையுங்கள்.